இரண்டாவது திகதி

கிண்ணியா
12 ஜூலை 2025

றுவைஸ் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

இதை மெயிலில் எழுதுகிறேன். வட்ஸ்அப்பில் எழுதினால் நீங்கள் உடனே கோல் எடுப்பீர்கள். உங்கள் குரலைக் கேட்க எனக்கு இன்னும் ஏலாது. பதிலும் எழுத்தில்தான் வேண்டும். இவ்வளவு காலம் கதைக்காமல் இருந்த நமக்கு ஒரு மெயில் பிந்தி வருவதால் ஒன்றும் குடி முழுகிப் போகாது.

செவ்வாய்க்கிழமை உம்மாவைப் பிரஷர் மருந்து எடுக்க திருகோணமலை ரவுனுக்குக் கூட்டிப் போனேன். துறைமுகப் பக்கம், படகுகள் கட்டுகிற இடத்துக்கு எதிரே புதிதாக ஒரு டிஸ்பென்சரி திறந்திருக்கிறார்கள். எல்லாம் கொம்பியூட்டர். பெயரைச் சொன்னால் ஒரு சின்ன மெஷின் துண்டு அடித்துத் தரும், அதைக் கொண்டுபோய் டொக்டரிடம் கொடுக்க வேண்டும். அந்த மெஷினுக்குப் புரோகிராம் எழுதின ஆளும் அன்று அங்கேயே நின்றார். லாபிர் என்று பெயர். தாடி வைத்தவர், இரண்டு பிள்ளைகளின் வாப்பா. உம்மாவின் பெயரைச் சொன்னேன், அடித்தார். வந்த துண்டில் உம்மாவின் பெயர் இல்லை.

நிப்லா றுவைஸ்
வயது 10
தரம் 5
கிண்ணியா

லாபிருக்குத் துண்டைக் காட்டினேன். நல்ல காலம், உம்மாவுக்குக் கண்ணாடி போடாமல் வாசிக்க ஏலாது.

"சொறி ராத்தா, அது சும்மா மாதிரிக்குப் போட்ட பேரு. மாத்த மறந்துட்டன்" என்றார் லாபிர்.

"மாதிரிக்கு எண்டா? இந்தப் பேர் எங்கால வந்த?"

"கைக்குறிப்பு எண்டு ஒரு வெப்சைட் இருக்கு ராத்தா. நம்மட பக்கத்து ஆள் ஒராள் தமிழ்ல எழுதுறார். கோட் எழுதுற ஆக்களுக்கு அவசரத்துக்கு எடுத்துப் போட சின்னச் சின்னக் குறிப்பு. நாங்க எல்லாரும் அதுல இருந்துதான் எடுக்குற. நிப்லாவ எங்க எல்லாருக்கும் தெரியும்."

நிப்லாவை எல்லாருக்கும் தெரியுமாம்.

வீட்டுக்கு வந்து போனில் திறந்து பார்த்தேன். அவள் பிறந்த கிழமை நீங்கள் அதைத் தொடங்கியது ஞாபகம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் காலடியில் மடிக்கணினியை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தீர்கள். அவள் போன பிறகு நீங்கள் அதை விட்டிருப்பீர்கள், குறைந்தது பெயரையாவது எடுத்திருப்பீர்கள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. பெயர்களை அகரவரிசைப்படுத்திக் காட்ட நிப்லா. பிழையான போன் நம்பரைப் பிடித்துக் காட்ட நிப்லா. வரவுப் பட்டியல் செய்து காட்ட நிப்லா. அதிலும் பத்து வயது, ஐந்தாம் தரம். இந்த வருசம் ஸ்கொலர்ஷிப் சோதனை எழுதுகிற பிள்ளை.

என் மகள் ஏழு வயதில் மௌத்தானாள். அவளைப் பத்து வயதாக்க உங்களுக்கு யார் உரிமை தந்தது? என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அங்கே வைத்து வளர்த்திருக்கிறீர்கள்.

அவளுடைய பெயரை எல்லாவற்றிலும் இருந்து எடுத்துவிடுங்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஜெஸ்மின்


தோஹா
16 ஜூலை 2025

ஜெஸ்மின்,

வ அலைக்குமுஸ்ஸலாம். உன் மெயிலைக் கந்தோரில் வைத்துத் திறந்துவிட்டேன். பிறகு வேலை செய்ய முடியவில்லை, தலையிடி என்று சொல்லிவிட்டு அறைக்கு வந்துவிட்டேன்.

முதலில் ஒரு விசயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நான் அவளுடைய வயதைக் கூட்டவில்லை.

கைக்குறிப்பில் நான் எழுதிய முதலாவது குறிப்பு, பிறந்த திகதியைக் கொடுத்தால் வயதைக் கணக்கிடுவது எப்படி என்பது. இப்படி ஒன்றை எழுதிக் காட்ட ஒரு ஆள் வேண்டும். மற்றவர்கள் 'டெஸ்ட் டெஸ்ட்' என்று போடுவார்கள். எனக்கு அந்தக் கிழமை மகள் பிறந்திருந்தாள், அவளைப் போட்டேன். அந்த நிரல், அதாவது கோட், செய்வது மிகவும் எளிய வேலை. இன்றைய திகதியிலிருந்து பிறந்த திகதியைக் கழிக்கும். இந்த வருசத்துப் பிறந்தநாள் இன்னும் வரவில்லை என்றால் ஒன்றைக் குறைக்கும். அந்த வயதை வைத்து எந்தத் தரம் என்று இன்னொரு குறிப்பு சொல்லும். யார் எங்கே எப்போது ஓட்டினாலும் அன்றைக்கு என்ன வயதோ அது வரும். லாபிர் ஓட்டிய அன்று பத்து வந்திருக்கிறது. யாரும் கையால் எழுதவில்லை. அந்த நிரலுக்கு ஒரு திகதிதான் தெரியும்.

இது உனக்கு விளங்கும் என்று நினைக்கிறேன்.

பெயரை எடுக்கச் சொல்கிறாய். எடுக்க மாட்டேன்.

நீ கோபப்படுவாய். பட்டுக்கொள். எனக்கும் கோபம் இருக்கிறது, நான் அதை யாரிடமும் சொன்னதில்லை. அன்று நான் டிக்கெட்டோடு எயார்போர்ட்டில் நின்றேன். போனில் உன்னிடம் என்ன சொன்னேன்? "நான் வரும்வரைக்கும் வையுங்க" என்று எத்தனை தரம் சொன்னேன்? விமானத்துக்குக் கூப்பிட்டு வரிசையில் நிற்கும்போது உன் மாமா கோல் எடுத்தார். "அடக்கி முடிஞ்சிது மகன், நீங்க அவசரப்படாம ஆறுதலா வாங்க" என்றார். ஆறுதலாக எதற்கு வருவது? நான் வரிசையை விட்டு வெளியே வந்து பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு அறைக்குப் போனேன். அதற்குப் பிறகு ஊருக்கு வரப் பிடிக்கவில்லை.

நான் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. ஜனாஸாவில் தோள் கொடுக்கவில்லை. ஒரு பிடி மண் போடவில்லை. நான் கடைசியாக அவளைக் கண்டது போன் திரையில், காய்ச்சல் தொடங்கிய அன்று, கையில் பிஸ்கட்டோடு. எனக்கு அவள் எங்கே முடிந்தாள் என்று நீயே சொல்லு.

றுவைஸ்


கிண்ணியா
20 ஜூலை 2025

றுவைஸ் அவர்களுக்கு,

நிரலைப் பற்றி விளங்கப்படுத்தியதற்கு நன்றி. நான் ஐஸ் கம்பனியில் பில் அடிக்கிறவள். கழித்தல் கணக்கு எனக்கும் வரும்.

ஏன் வைத்திருக்கவில்லை என்று கேட்கிறீர்கள். இதை நீங்கள் அன்றே கேட்டிருக்கலாம். கேட்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். நானும் போட்டி போட்டுக்கொண்டு வாயை மூடியிருந்தேன். இப்போது சொல்கிறேன், கேளுங்கள்.

அன்று விடியத் தொடங்கிய மழை விடவில்லை. கரண்டும் இல்லை, அந்த வருசம் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். டெங்குவில் போன பிள்ளை. குளிப்பாட்டிக் கபன் துணி போட்ட பிறகும் மூக்கிலிருந்து இரத்தம் நிற்கவில்லை. பஞ்சு வைத்தோம், நனைந்தது. மாற்றினோம், அதுவும் நனைந்தது. நீங்கள் கொழும்பில் இறங்கி இங்கே வர அடுத்த நாள் பகலாகும். மாமா என் முகத்தைப் பார்த்தார். நான்தான் "எடுங்க மாமா" என்றேன். உங்கள் மனதில் பிஸ்கட்டோடு இருக்கிறவளை அப்படியே விட்டுவிடலாம் என்று நினைத்தேன். இன்றைக்கு யாராவது வந்து கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

எங்கே முடிந்தாள் என்றும் கேட்கிறீர்கள். நம்முடைய மையவாடியில், அவளை அடக்கிய இடத்தில். ஐஸ் கம்பனிக்குப் போகிற பஸ் அந்த மதிலோடுதான் போகும். ஒவ்வொரு நாளும் காலையில் மதிலைப் பார்க்கிறேன், பின்னேரம் மற்றப் பக்கத்தில் இருந்து மதிலைப் பார்க்கிறேன். மதிலுக்கு வெள்ளை அடித்திருக்கிறார்கள், அது தெரியும். அதற்கு அங்கால் எனக்கு ஒன்றும் தெரியாது. நம்முடைய ஊரில் பெண்கள் உள்ளே போவதில்லை. பெற்றவளுக்கும் அதேதான். அவளுடைய கபுறடியில் போய் நிற்கக் கூடியவர் அவளுடைய வாப்பா. அவர் தோஹாவில் ஏசி அறையில் இருந்துகொண்டு ஊரில் உள்ளவர்களுக்குக் கோட் எழுதிக் கொடுக்கிறார்.

பெயரை எடுக்க மாட்டீர்கள் என்றால் விடுங்கள். ஆனால் பாதி உண்மையை எழுதாதீர்கள். உங்கள் நிரலுக்கு ஒரு திகதிதான் தெரியும் என்றால் மற்றதையும் சொல்லிக் கொடுங்கள். 2022 நவம்பர் 23. நீங்கள் இதை ஒரு நாளும் எழுதிப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒருக்கால் எழுதிப் பாருங்கள்.

ஜெஸ்மின்


தோஹா
13 ஓகஸ்ட் 2025

ஜெஸ்மின்,

இவ்வளவு நாளும் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கோபம் இல்லை. பஞ்சு நனைந்தது என்று நீ எழுதிய வரியை விட்டு என்னால் அங்கால் போக முடியவில்லை. எனக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை. நான் உன்னை மனதுக்குள் எப்படியெல்லாம் ஏசியிருப்பேன் என்று உனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். அந்த வீட்டில் நீ தனியாக நின்றிருக்கிறாய்.

நடந்ததைச் சொல்கிறேன். போன கிழமை நீ கேட்டபடி பெயரை எடுத்தேன். எல்லாக் குறிப்பிலும் நிப்லா இருந்த இடத்தில் 'மாணவி' என்று போட்டேன். எல்லாம் முன்பு போலவே சரியாக ஓடியது. ஒரு பிழை வந்திருந்தால் கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கொலர்ஷிப் சோதனை. திங்கட்கிழமை ஒரு மெயில் வந்தது. லதுசா என்று ஈச்சிலம்பற்றில் ஒரு பிள்ளை, மீன்பிடிக் குடும்பம், தமிழ் ஆட்கள். கைக்குறிப்பை வைத்துத்தான் கோட் எழுதப் பழகியவ, இப்போது ரவுனில் ஒரு கந்தோரில் வேலை செய்கிறா. அவ எழுதினதை அப்படியே தருகிறேன்:

"அண்ணா, நிப்லாவக் காணேல்லயே? நான் உங்கட குறிப்புப் பாக்கத் தொடங்கேக்க அவ மூண்டாம் வகுப்பு. எனக்குச் சொல்லித்தர ஒருத்தரும் இல்ல, அவவோடதான் நான் படிச்சனான். நேற்று பள்ளிக்கூடத்தடியில சோதனைக்கு வந்த பிள்ளையளப் பாத்திட்டு அவவத்தான் நினைச்சனான். நிப்லா சோதனை எழுதினவவோ?"

அவள் மூன்றாம் வகுப்புக்குப் போகவே இல்லை, ஜெஸ்மின். அந்தப் பிள்ளை பழகியது முழுக்க அவள் போன பிறகு.

பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதினா என்று எழுத முடியவில்லை. எழுதவில்லை என்றும் எழுத முடியவில்லை. அன்று பின்னேரம் பெயரைத் திருப்பிப் போட்டுவிட்டேன், என்னை மன்னித்துக்கொள்.

நீ சொன்ன மற்றதையும் செய்து பார்த்தேன். அந்த முதல் குறிப்பில் இரண்டாவது திகதிக்கு ஒரு இடம் வைத்தேன். அதை வெறுமையாக விட்டால் இன்றைய திகதியை எடுத்துக்கொள்ளும். நிரப்பினால் அந்த நாளோடு வயது நின்றுவிடும். இது ஒரு சின்ன வேலை, புதிதாகப் பழகுகிறவர்கள் கூடச் செய்யலாம். இடத்தை வைத்துவிட்டேன், நிரப்ப எனக்கு ஏலவில்லை. வருசத்தை அடிப்பேன், மாதத்தை அடிப்பேன், பிறகு அழிப்பேன். நீ எழுதித் தந்த திகதி திரையில் எனக்கு முன்னால்தான் இருந்தது. இருந்தும் அது யாரோ சொன்ன கதை போலத்தான் இருக்கிறது. நான் எதைப் பார்த்து அதை எழுதுவது?

றுவைஸ்


கிண்ணியா
19 ஓகஸ்ட் 2025

மச்சான்,

எழுதிய பிறகுதான் கண்டேன், கை பழக்கத்தில் பழைய மாதிரியே கூப்பிட்டுவிட்டது. அழிக்கவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

சோதனை நாளன்று அவளோடு படித்த பிள்ளைகள் எல்லாம் நம் வீட்டு வாசலால் போனார்கள். பின்னலும் வெள்ளை உடுப்பும், தண்ணீர்ப் போத்தலும். நான் குசினி ஜன்னலைச் சாத்திவிட்டு அரிசி களைந்தேன். களைந்த அரிசியைத் திரும்பத் திரும்பக் களைந்திருக்கிறேன், உம்மா வந்து சட்டியைப் பறித்தா. பக்கத்து வீட்டு நிஹாராவின் மகள் எனக்கு ஸலாம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்து கதவைத் தட்டியிருக்கிறாள். நான் திறக்கவில்லை. அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது? அடுத்த நாள் போய் இனிப்புக் கொடுத்துவிட்டு வந்தேன்.

உங்களுக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். அந்த நேரமே சொல்ல வைத்திருந்தேன், பிறகு எல்லாம் போய்விட்டது. முதலாம் தரத்தில் டீச்சர் ஒவ்வொருவரிடமும் வீட்டில் யார் யார் என்ன வேலை என்று கேட்டிருக்கிறா. இவள் எழும்பி நின்று, "வாப்பா கத்தார்ல வேல, உம்மா ஐஸ் கம்பனில வேல, நான் கொம்பியூட்டருக்குள்ள வேல" என்றாளாம். டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சிரித்துச் சிரித்துச் சொன்னா. நீங்கள் ஒருநாள் வீடியோ கோலில் அவளுடைய பெயரைத் திரையில் காட்டினீர்கள், ஞாபகமா? அதற்குப் பிறகு அவளுக்குப் பெரிய எடுப்பு. என்னை வீடு கூட்டச் சொன்னால், "நான் வேலைக்குப் போற ஆள் உம்மா" என்பாள்.

அதனால் பெயர் இருக்கட்டும். நான் எடுக்கச் சொன்னது ஆத்திரத்தில். அவள் அங்கே வேலை செய்வது அவளுக்குப் பிடித்த காரியம், அதை நிறுத்த நான் யார்?

ஆனால் திகதி விசயத்தில் நான் மாறவில்லை. இந்த வீட்டில் நான் ஒவ்வொரு நாளும் ஏழு வயதுப் பிள்ளையைத்தான் இழந்துகொண்டிருக்கிறேன். அலுமாரியில் இருக்கிற உடுப்பு ஏழு வயதுப் பிள்ளையின் உடுப்பு. நீங்கள் அங்கே பத்து வயது மகளோடு இருந்தால், இங்கே நான் தனிய. அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் இருக்கிறது, மச்சான். நாம் இரண்டு பேரும் ஒரே பிள்ளைக்கு அழ வேண்டும்.

எதைப் பார்த்து எழுதுவது என்று கேட்டீர்கள். வந்து பார்த்து எழுதுங்கள்.

என் பங்குக்கும் சேர்த்துப் பாருங்கள். எனக்கு மூன்று வருசமாகத் தலைக்குள் ஓடுகிறதை எழுதுகிறேன். நிழல் இருக்கிறதா. மழைக்குத் தண்ணீர் நிற்கிற இடமா. அவளுக்குப் பக்கத்தில் யார். அவளுக்கு ஈரம் பிடிக்காது, கால் நனைந்தால் ஊரைக் கூட்டுவாள் என்று உங்களுக்குத் தெரியும்தானே. தெரியாது, நீங்கள் அப்போது அங்கே. மாமாவிடம் கேட்கலாம் என்று இருந்தேன், வாய் வரவில்லை. போன வருசம் அவரும் போய்விட்டார்.

லதுசாவுக்குப் பதில் போடுங்கள். காத்துக்கொண்டிருக்கும் அந்தப் பிள்ளை.

ஜெஸ்மின்


மூதூர்
8 நவம்பர் 2025

ஜெஸ்மின்,

நான் வந்திருக்கிறேன். என் கூடப்பிறந்த ராத்தா நஜ்முன் நிஸா வீட்டில் நிற்கிறேன். உனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மறுபடியும் எயார்போர்ட்டில் இருந்து திரும்பிப் போய்விடுவேனோ என்று எனக்கே என்னில் நம்பிக்கை இல்லை.

நேற்று ஜும்மா முடிய கிண்ணியாவுக்கு வந்து மையவாடிக்குப் போனேன். உன் வீட்டு வாசலால்தான் வந்தேன். படலை திறந்திருந்தது. கொடியில் உன் சால்வை காய்ந்துகொண்டிருந்தது, மழை தூறத் தொடங்கியும் எடுக்காமல் இருந்தது. நான் நிற்கவில்லை. முதலில் அங்கே போய்விட்டுத்தான் உன் முகத்தில் முழிக்க வேண்டும் என்று இருந்தேன். போய்விட்டு வந்த பிறகு முழிக்கத் தைரியம் வரவில்லை. அதனால் ஆற்றைத் தாண்டி மூதூருக்கு வந்து, பக்கத்து ஊரில் இருக்கிற உனக்கு மெயில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். நிழல் இருக்கிறது. ஒரு வேப்பமரம், நல்ல வளர்ந்த மரம், கொப்பு முழுக்க அந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. தண்ணீர் நிற்காது, மேட்டு நிலம். மழை பெய்துகொண்டிருக்கும்போதே குனிந்து பார்த்தேன், எல்லாம் மதில் பக்கம் ஓடுகிறது. அவளுடைய கால் நனையாது.

பக்கத்தில் யார் என்பதற்குத்தான் பதில் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. மையவாடியைப் பார்த்துக்கொள்கிற ஸஹாப்தீன் காக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வேப்பமரத்தடியில் இரண்டு சின்னக் கபுறு, பக்கத்தில் பக்கத்தில். தலைமாட்டில் நட்ட மீஸான் கட்டைகள் உக்கி விழுந்துவிட்டன. பெயர் ஒன்றும் இல்லை.

"அந்த மழைக்குள்ள ரெண்டு சின்னப் புள்ளைகள் வந்த தம்பி. ரெண்டும் டெங்குதான். இதுல ஒண்டு உங்கட மகள். எது எண்டு கேட்டா எனக்குப் பொய் சொல்ல ஏலா. உங்கட மாமாக்குத்தான் சரியாத் தெரியும்" என்றார்.

மாமாவின் கபுறு அந்தப் பக்கம், வாசலுக்குக் கிட்ட. அவரிடம் இனிக் கேட்க ஏலாது.

நான் இரண்டுக்கும் நடுவில் நின்றேன். இரண்டு பேருக்கும் ஸலாம் சொன்னேன். காக்காதான் ஓதினார், நான் ஆமீன் சொன்னேன். இரண்டு கபுறுக்கும் தண்ணீர் ஊற்றினேன். வந்தும் பார்க்கவில்லை என்றுதான் இதற்கும் பெயர், என்ன? இரண்டில் எது என்று கூடச் சொல்லத் தெரியாத வாப்பா.

ஒன்று சொல்கிறேன். அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நான் ஐந்தாம் தரத்துப் பிள்ளையைப் பார்க்கப் போனவன். மனதுக்குள் அவள் என் நெஞ்சுயரத்துக்கு வளர்ந்திருந்தாள். அங்கே இருந்தது என் இரண்டு எட்டுக்குள் அடங்கிவிட்டது. ஸஹாப்தீன் காக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் அங்கேயே, மழைக்குள்ளேயே, நிலத்தில் இருந்து அழுதேன். அன்றைக்கு அழ வேண்டியதை நேற்று அழுதேன்.

ராத்தா வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றிவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். இரண்டாவது திகதியை எழுதினேன். ஓட்டினேன். வயது ஏழு என்று வந்தது. தரம் இரண்டு என்று வந்தது.

குறிப்பின் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'இந்தக் குறிப்புகளில் வரும் நிப்லா என் மகள். இரண்டாவது திகதியில் அவள் எங்களை விட்டுப் போனாள். பழைய நிரலை எடுத்தவர்கள் இதை எடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.' லதுசாவுக்கும் எழுதிவிட்டேன். அவவிடம் இருந்து இன்னும் பதில் வரவில்லை.

றுவைஸ்


கிண்ணியா
10 நவம்பர் 2025

மச்சான்,

சனிக்கிழமை பின்னேரம் உங்கள் மெயிலை வாசித்துவிட்டு உம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆத்துக்கு அங்கால வந்து நிண்டுக்கிட்டுக் கடுதாசி எழுதுற மாப்பிள்ள எங்கட பரம்பரைல இவர்தான்" என்றா. நான் சிரித்துவிட்டேன். பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

கால் நனையாது என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காக உங்களை எல்லாவற்றுக்கும் மன்னிக்கலாம் போல இருக்கிறது. மழை பெய்கிற நாட்களில் நான் நித்திரை கொண்டு எவ்வளவு காலம்.

எது அவளுடையது என்று தெரியாமல் நின்றதைப் பற்றி மனதை வருத்தாதீர்கள். எனக்கும் முதலில் தாங்க ஏலாமல்தான் இருந்தது. பிறகு யோசித்தேன். அந்த மற்றப் பிள்ளையின் உம்மாவும் என்னைப் போல மதிலைப் பார்த்துக்கொண்டு பஸ்ஸில் போகிறவள்தானே. இரண்டுக்கும் தண்ணீர் ஊற்றினீர்கள், நல்லது. இனிப் போகும்போதும் அப்படியே செய்யுங்கள். நம் பிள்ளைக்கு ஒரு கூட்டாளி இருக்கிறாள் அல்லது இருக்கிறான். அவளுக்குத் தனிய இருக்கப் பயம், அதுவும் உங்களுக்குத் தெரியாது.

இன்று காலை ஐஸ் கம்பனிக்கு லீவு சொல்லிவிட்டு டிஸ்பென்சரிக்குப் போனேன். உம்மாவின் மருந்து ஒரு சாட்டு. ஜூலையில் வந்த அந்தத் துண்டை நான் கைப்பைக்குள் வைத்திருந்தேன், போன கிழமை எடுத்துப் பார்த்தால் வெறும் வெள்ளைத் தாள். மை இல்லாமல் சூட்டில் எழுத்து விழுகிற தாளாம் அது, நாளடைவில் தானாக அழிந்து போகுமாம்.

லாபிர் என்னைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். நீங்கள் சேர்த்த வரியை வாசித்திருக்கிறார். "ராத்தா, எனக்குத் தெரியாமப் போச்சு. அண்டைக்கு உங்களுக்கு அந்தத் துண்டக் கையில தந்தேனே" என்று முகத்தை மூடிக்கொண்டார். ஆறுதல் சொல்லப் போனவள் மாதிரி நான்தான் அவரைச் சமாதானப்படுத்த வேண்டி வந்தது. பிறகு கேட்டார்:

"புதுக் கோட் எடுத்து வெச்சிருக்கன். மாத்தட்டா?"

மாற்றச் சொன்னேன். நானே கேட்டுக் கிடைத்தது, நான் எப்படி வேண்டாம் என்பேன்? ஆனால் அவர் கீபோர்டில் கை வைத்ததும் என் வாய் பொறுக்கவில்லை.

"பழையதுல ஒண்டு அடிச்சுத் தந்துட்டு மாத்துங்க" என்றேன்.

அடித்துத் தந்தார். நிப்லா றுவைஸ், வயது 10, தரம் 5, கிண்ணியா. எழுத்து நல்ல கறுப்பாக விழுந்திருக்கிறது. பிறகு அவர் மாற்றினார், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

நான் உங்களை எவ்வளவு ஏசினேன். இப்போது அதே துண்டை மேசையில் வைத்துக்கொண்டு, அவள் இரட்டைப் பின்னல் பின்னுவாளா, கண்ணாடி போட்டிருப்பாளா, வாய்க்கு வாய் காட்டுவாளா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்று வருசமாக நீங்கள் அங்கே தனிய இருந்து செய்தது இதுதான் என்று இப்போது விளங்குகிறது. எனக்கும் ஒருக்கால் அவளைப் பத்து வயதில் பார்க்க வேண்டியிருந்தது.

வெயில் படாமல், சூடு படாமல் வைத்தால் கொஞ்ச காலம் நிற்கும் என்று லாபிர் சொன்னார். அலுமாரியில் அவளுடைய உடுப்புக்கு நடுவில் வைக்கப் போகிறேன். ஆனாலும் அழியத்தான் போகிறது.

படலை இன்றைக்கும் திறந்துதான் இருக்கிறது. எழுத்து இருக்கும்போதே வாங்க, மச்சான். இரண்டு பேரும் சேர்ந்து ஒருக்கால் வாசிப்போம்.

ஜெஸ்மின்